பிரிண்ட் எப்படி? – ஆர்டர் கொடுத்தால் தயாராகும் பழைய ஹாலிவுட் டிஸ்க்குகள்

பழைய படத்தின் டிவிடி என்றாலே நம்ம ஊரில் முதலில் வரும் கேள்வி "பிரிண்ட் எப்படி?" என்பதுதான். சரியான கேள்வி. ஆனால் ஆர்டர் வந்த பிறகே தயாரித்து அனுப்புகிற டிஸ்க்குகள் என்று வந்துவிட்டால், இந்தக் கேள்விக்கு ஒரு ரெடிமேட் பதில் சுற்றிக்கொண்டிருக்கிறது: "அது கம்ப்யூட்டர்ல ரைட் பண்ணின டிஸ்க் சார், அதான் படம் சுமாரா இருக்கு."

இந்த ‘அதான்’ எவ்வளவு தூரம் சரி? படம் சுமாராக இருப்பது பல நேரங்களில் உண்மை. ஆனால் காரணம் டிஸ்க்கா? சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான பிரச்சினை. திரையில் தப்பாக ஏதோ தெரிகிறது. தப்பு தரவிலா, நடுவில் உள்ள நிரலிலா, திரையிலேயேவா என்று ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துப் பார்க்காமல் பழியை யார் மேலும் போட முடியாது. அதே முறையில் இந்த டிஸ்க்குகளையும் பிரித்துப் பார்க்கலாம்.

இது என்ன வியாபாரம்?

2009 மார்ச்சில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ‘வார்னர் ஆர்க்கைவ் கலெக்‌ஷன்’ என்ற ஒன்றைத் தொடங்கியது. முதல் நாளிலேயே 150 படங்கள். ஒரு படம் 19.95 டாலர். கடையில் இருப்பு கிடையாது. நீங்கள் ஆர்டர் கொடுத்தால், அந்தப் படத்தை ஒரு காலி டிவிடி-ஆர் டிஸ்க்கில் பதிந்து, உறை போட்டு அனுப்புவார்கள். அவ்வளவுதான். வார்னரின் பழைய படக் களஞ்சியத்தைப் பல்லாண்டுகளாகக் கட்டிக் காத்துவரும் ஜார்ஜ் ஃபெல்டன்ஸ்டைன் இந்தத் திட்டத்தின் முக்கியமான ஆள். பின்னாலேயே எம்ஜிஎம், சோனி, யுனிவர்சல் படங்களும் இதே முறையில் வந்தன. 2012-ல் ‘ஃபாக்ஸ் சினிமா ஆர்க்கைவ்ஸ்’ வந்தது.

ஏன் இப்படி ஒரு முறை? சாதாரண டிவிடி அச்சில் வார்ப்பது. முதலில் ஒரு கண்ணாடி மாஸ்டர், அதிலிருந்து உலோக அச்சு, அந்த அச்சில் சூடான பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை அழுத்தி ஒவ்வொரு டிஸ்க்காக எடுப்பார்கள். அச்சு செய்யும் செலவு ஒரு டிஸ்க் போட்டாலும் அதேதான், ஒரு லட்சம் போட்டாலும் அதேதான். ஆக, ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டும். 1934-ல் வந்து, நடிகர் பெயர்கூட யாருக்கும் நினைவில்லாத 70 நிமிடப் படத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? சில நூறு பேர் வந்தால் பெரிது. விற்காத மிச்சம் கிடங்கில் கிடக்கும். ஒவ்வொன்றாகப் பதிந்து கொடுத்தால் இந்தத் தலைவலி இல்லை. புத்தக உலகில் ‘கேட்டால் அச்சிடுவது’ என்று இப்போது நடக்கிறதே, அதன் சினிமா வடிவம் இது.

முதல் அடுக்கு: டிஸ்க்

அச்சில் வார்த்த டிஸ்க்கில் தகவல் என்பது பிளாஸ்டிக்கில் பதிந்த நுண்குழிகள். மேலே அலுமினியப் பூச்சு. பதிந்த டிஸ்க்கில் குழி கிடையாது. ஒரு கரிமச் சாயப் படலம் இருக்கும். ரைட்டரின் லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு நிறம் மாற்றும். படிக்கும் லேசர் இந்த மாற்றத்தைக் குழி என்றே எடுத்துக்கொள்ளும். டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் தெரியும் ஊதா நிறம் இந்தச் சாயத்தால் வருவதுதான்.

இரண்டிலிருந்தும் கடைசியில் பிளேயருக்குக் கிடைப்பது ஒன்றும் பூஜ்யமும்தான். இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டிவிடியில் தகவல் மொட்டையாக எழுதப்படுவதில்லை. 16 செக்டர்கள், அதாவது 32 கிலோபைட், ஒரு கட்டமாக அடுக்கப்படும். 192 வரிசை, வரிசைக்கு 172 பைட். ஒவ்வொரு வரிசைக்கும் 10 பைட் திருத்தக் குறிகள் சேரும். நெடுவாக்கில் இன்னும் 16 வரிசை சேரும். மொத்தம் 208-க்கு 182 என்ற பெரிய கட்டம். கீறலாலோ தூசியாலோ சில பைட்டுகள் தப்பாக வந்தால், இந்தக் குறிகளை வைத்துக் கணக்குப் போட்டு மூலத்தை அப்படியே மீட்டுவிடலாம். ரீட்-சாலமன் என்று பெயர் கொண்ட இந்தக் கணக்கு இல்லையென்றால் சிடியும் இல்லை, டிவிடியும் இல்லை.

இதன் விளைவு: திருத்தம் வேலை செய்கிற வரைக்கும் படம் நூற்றுக்கு நூறு. திருத்த முடியாத அளவுக்குப் பிழை போனால் படம் உறையும், கட்டம் கட்டமாக உடையும், சத்தம் அறுந்து போகும். நடுவில் வேறு நிலை கிடையாது. ‘கொஞ்சம் மங்கல்’, ‘கறுப்பு சரியான கறுப்பாக இல்லை’, ‘முகம் மெழுகு மாதிரி இருக்கு’ போன்ற குறைகளை டிஸ்க்கின் பிழைகளால் உண்டாக்கவே முடியாது. விஎச்எஸ் டேப் காலத்தில் நகல் எடுக்க எடுக்க மங்கிய அனுபவம் நம் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் டிஜிட்டலுக்கும் கொண்டுவந்து பொருத்துகிறோம்.

ஆக, உங்கள் டிஸ்க் தடங்கலில்லாமல் ஓடுகிறது, ஆனால் படம் சுமார் என்றால், டிஸ்க் மேல் குற்றமில்லை. அடுத்த அடுக்குக்குப் போகலாம்.

இரண்டாம் அடுக்கு: சுருக்கம்

டிவிடி-ஆர் ஒற்றை அடுக்கு டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிபி. அச்சில் வார்த்த இரட்டை அடுக்கு டிஸ்க்கில் 8.5 ஜிபி. "பாதிதானே இடம், அப்போ தரமும் பாதிதானே?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

4.7 ஜிபி என்பது 3,760 கோடி பிட். படம் 75 நிமிடம் என்றால் விநாடிக்குச் சராசரியாக 8.4 மெகாபிட் கிடைக்கும். 90 நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 7. இரண்டு மணி நேரத்துக்கு 5.2. மூன்று மணி நேரத்துக்கு 3.5 மட்டுமே. டிவிடி தரநிர்ணயத்தில் படம், ஒலி எல்லாம் சேர்ந்து அதிகபட்சமே 10.08 மெகாபிட்தான்.

இப்போது 1930-களின் படங்களை நினைத்துப் பாருங்கள். ஏராளமான படங்கள் 65-லிருந்து 80 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவற்றுக்கு ஒற்றை அடுக்கே தாராளம். ஃபிராங்க் போர்சேகியின் 1940-ஆம் ஆண்டுப் படம் ‘தி மார்ட்டல் ஸ்டார்ம்’ வார்னர் ஆர்க்கைவில் வந்தது, 100 நிமிடம். அதற்கும் விநாடிக்கு 6 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும். வேறு கூடுதல் வீடியோக்கள், விளக்க உரைகள் எதுவும் இடத்தைப் பங்கு கேட்பதில்லை. மெனு என்று ஒரு திரை, பத்து நிமிடத்துக்கு ஒரு அத்தியாயம், தீர்ந்தது. எளிமையே இங்கே லாபம்.

இடிப்பது நீளமான படங்களில். மூன்று மணி நேரக் காவியத்தை ஒரே அடுக்கில் அடைத்தால், ஃபிலிமின் மணல்துகள் போன்ற இயல்பான நெளிவைச் சுருக்க முடியாமல் கட்டங்கள் தெரிய ஆரம்பிக்கும். புகை, மழை, இருட்டுக் காட்சிகளில் முதலில் தெரியும். இது உண்மையான குறைதான். ஆனால் இதற்கும் காரணம் இடப் பற்றாக்குறை. ரைட் பண்ணியது காரணமில்லை; அச்சில் வார்த்த ஒற்றை அடுக்கு டிஸ்க்கிலும் இதே கதைதான் நடக்கும்.

மூன்றாம் அடுக்கு: மாஸ்டர்

இதுதான் விஷயத்தின் மையம். ஃபிலிமை ஸ்கேன் செய்து வீடியோவாக மாற்றி வைத்திருக்கும் மூலப் பிரதியை மாஸ்டர் என்கிறோம். டிஸ்க்கில் வரும் படம் மாஸ்டரைவிட ஒருநாளும் நன்றாக இருக்க முடியாது.

2009-ல் ஒரே நாளில் 150 படங்களை எப்படி வெளியிட முடிந்தது? மாஸ்டர்கள் அலமாரியில் தயாராக இருந்ததால்தான். அவை எங்கிருந்து வந்தன என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 1986-ல் டெட் டர்னர் எம்ஜிஎம்மின் பழைய படக் களஞ்சியத்தை வாங்கினார். அதோடு 1950-க்கு முந்தைய வார்னர் படங்களும் சேர்ந்து வந்தன. ஆர்கேஓ படங்களும் அவர் கைக்கு வந்தன. 1988-ல் டிஎன்டி சேனல், 1994-ல் டர்னர் கிளாசிக் மூவீஸ் சேனல். சேனலுக்கு இரவும் பகலும் படம் போட்டாக வேண்டும். அதற்காக ஆயிரக்கணக்கான படங்கள் வீடியோ டேப்புக்கு மாற்றப்பட்டன. 1996-ல் டர்னரின் நிறுவனம் டைம் வார்னரோடு இணைந்தபோது இந்தக் களஞ்சியம் முழுதும் வார்னர் குடைக்குள் வந்தது.

ஆக, ஆர்டர் டிஸ்க்குகளில் பலவற்றின் மூலம் 1980-களிலும் 90-களிலும் டிவி ஒளிபரப்புக்காக எடுத்த டேப். அன்றைய 21 அங்குலக் குழாய் டிவியில் பார்க்க அது போதும். இன்றைய 55 அங்குலத் திரையில் அதன் வயது தெரியும். வார்னரும் இதை மறைக்கவில்லை. கிடைக்கிற மாஸ்டரில் நல்லதை எடுத்திருக்கிறோம், இந்த டிஸ்க்குக்காகத் தனியாகப் புதுப்பிக்கவில்லை என்ற பொருளில் அறிவிப்பே கொடுத்தார்கள்.

பழைய டேப்பின் அடையாளங்கள் சில. தெரிந்துகொண்டால் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

ஒன்று, வானவில் நெளிவு. பழைய ‘காம்போசிட்’ டேப்புகளில் ஒளியும் நிறமும் ஒரே சமிக்ஞையில் கலந்து இருக்கும். பிரித்தெடுக்கும்போது, நெருக்கமான கோடுகளை நிறம் என்று கருவி தவறாக எடுத்துக்கொள்ளும். கறுப்பு-வெள்ளைப் படத்தில் கதாநாயகன் போட்டிருக்கும் நெருக்கக் கட்டம் போட்ட கோட்டில் திடீரென்று பச்சையும் சிவப்பும் மினுமினுத்தால், மூலம் காம்போசிட் டேப் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இரண்டு, சீப்புப் பல். ஃபிலிம் விநாடிக்கு 24 ஃப்ரேம். அமெரிக்க டிவி விநாடிக்கு 60 அரை-ஃப்ரேம். இதைப் பொருத்த ஒரு ஃப்ரேமை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை என்று மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். டிஸ்க் தயாரிக்கும்போது இந்த 3:2 தாளத்தைக் கண்டுபிடித்துக் கழித்துவிட்டால் மறுபடி சுத்தமான 24 ஃப்ரேம் கிடைக்கும். டேப்பில் நடுநடுவே வெட்டி ஒட்டியிருந்தால் தாளம் தப்பும். அப்போது அசையும் கை கால்களின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும்.

மூன்று, ஓரத்தில் வெள்ளைக் கோடு. குழாய் டிவியில் கூர்மையாகத் தெரியட்டும் என்று ஓரங்களைச் செயற்கையாகத் தூக்கிவிடுவார்கள். இன்றைய திரையில் அது ஆளைச் சுற்றிப் பேனாவால் வரைந்த மாதிரி இருக்கும்.

நான்கு, திரை விகிதம். 1953-க்கு முந்தைய படங்கள் அநேகமாக எல்லாமே 1.37-க்கு 1 என்ற சதுரப்பாங்கான விகிதம். பழைய டிவியோடு ஒத்துப்போகும். பிரச்சினை இல்லை. 1953-ல் ‘தி ரோப்’ படத்தோடு சினிமாஸ்கோப் வந்தபிறகுதான் சிக்கல். 2.35 விகிதப் படத்தை அகலத்திரைக்கு ஏற்றபடி டிவிடியில் பதிந்தால் 480 வரிகளில் சுமார் 363 வரி படத்துக்குப் பயன்படும். பழைய டிவி மாஸ்டரில், மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு 4:3 சட்டத்துக்குள் வைத்திருந்தால் 272 வரிதான். அதைப் பெரிய திரைக்கு இழுத்தால் மங்கத்தான் செய்யும். இதைவிட மோசம், பட்டையே வேண்டாம் என்று இரண்டு பக்கமும் வெட்டிவிடுவது. 2.35-ஐ 1.33-க்கு வெட்டினால் படத்தில் 43 சதவீதம் போச்சு. இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரியும். ஃபாக்ஸ் சினிமா ஆர்க்கைவ்ஸ் வரிசையில் சில சினிமாஸ்கோப் படங்கள் இப்படி வெட்டுப்பட்ட மாஸ்டரிலேயே வந்தன. சினிமாஸ்கோப்பை உலகுக்குக் கொண்டுவந்த ஸ்டுடியோவின் பெயரில் இப்படி வந்ததை ரசிகர்கள் சும்மா விடவில்லை.

நான்காம் அடுக்கு: ஃபிலிம்

மாஸ்டருக்கும் முன்னால் ஃபிலிம் இருக்கிறது. கேமராவில் ஓடிய அசல் நெகட்டிவ், அதிலிருந்து எடுத்த மாஸ்டர் பாசிட்டிவ், அதிலிருந்து நகல் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டருக்குப் போன பிரிண்ட். ஒவ்வொரு தலைமுறையிலும் நுணுக்கம் குறையும், மாறுபாடு கூடும். எதை ஸ்கேன் செய்தார்கள் என்பதே பாதி விடை.

1950-களின் தொடக்கம் வரை 35 மி.மீ. சினிமா ஃபிலிம் நைட்ரேட்டில்தான் இருந்தது. எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் அணைப்பது மிகக் கடினம். 1937-ல் நியூஜெர்சியின் லிட்டில் ஃபெரியில் ஃபாக்ஸ் கிடங்கு எரிந்து அந்த ஸ்டுடியோவின் மௌனப் படங்களில் பெரும்பகுதி போனது. 1978-ல் ரோச்செஸ்டரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸின் நைட்ரேட் கிடங்கு எரிந்தபோது முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களின் அசல் நெகட்டிவ்கள் அழிந்தன. அப்படிப்பட்ட படங்களுக்கு இன்று நகலே மூலம். எவ்வளவு செலவழித்தாலும் நகலின் எல்லையைத் தாண்ட முடியாது.

ஃபிலிமும் மாஸ்டரும் எப்படித் தனித்தனியே வேலை செய்கின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் மைக்கேல் கர்டிஸ் இயக்கிய ‘மிஸ்டரி ஆஃப் தி வாக்ஸ் மியூசியம்’ (1933). இரு வண்ண டெக்னிக்கலரில் எடுத்த படம். பல வருடம் தொலைந்துபோன படம் என்றே நினைத்திருந்தார்கள். பிறகு ஜாக் வார்னரின் சொந்தச் சேகரிப்பில் ஒரு பிரிண்ட் கிடைத்தது. 2003-ல் ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’ டிவிடியில் துணைப் படமாக இது வெளிவந்தது. மங்கலான, நிறம் வெளுத்த படம். பின்னர் யுசிஎல்ஏ திரைப்பட ஆவணக் காப்பகம் வார்னருடன் சேர்ந்து இதை மீட்டெடுத்தது. 2020-ல் வார்னர் ஆர்க்கைவ் அதை ப்ளூ-ரேயாக வெளியிட்டது. இரு வண்ண முறைக்கே உரிய அந்தப் பச்சையும் செம்மஞ்சளும் அப்போதுதான் வீட்டுத் திரைக்கு வந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, 2003-இல் வந்த அந்த மங்கலான டிவிடி அச்சில் வார்த்த டிஸ்க். ரைட் பண்ணியது கிடையாது. ஆக, ‘பர்ன் பண்ணினதால்தான் சுமார்’ என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. மாறியது மாஸ்டர், மாஸ்டரோடு சேர்ந்து படமும் மாறியது.

சத்தம்

பழைய படத்தின் ஒலி ஃபிலிமின் ஓரத்திலேயே ஒரு மெல்லிய பட்டையாக இருக்கும். அதன் வழியே விளக்கொளி பாய்ந்து, ஒளியின் ஏற்ற இறக்கம் சத்தமாக மாறும். பட்டையில் தூசி, கீறல் எதுவிருந்தாலும் ‘டிக்’, ‘கரகர’ என்று கேட்கும். ஃபிலிமின் துகளே ஓயாத ‘உஸ்’ஸாக அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆர்டர் டிவிடிகளில் ஒலி பெரும்பாலும் டால்பி டிஜிட்டல், விநாடிக்கு 192 கிலோபிட், மோனோ. "192 தானா?" என்று உதட்டைப் பிதுக்க வேண்டியதில்லை. மூலத்தில் இருப்பதே அவ்வளவுதான். 1938-ல் வகுத்த ‘அகாடமி’ ஒலி வரைகோட்டின்படி, தியேட்டர் ஸ்பீக்கரில் 5 கிலோஹெர்ட்ஸில் 10 டெசிபெல், 8 கிலோஹெர்ட்ஸில் 18 டெசிபெல் குறைத்தே ஒலிக்க விட்டார்கள். ஃபிலிம் இரைச்சலை அமுக்கத்தான் இந்த ஏற்பாடு. இப்படிக் குறையும் என்று தெரிந்ததால் ஒலிப்பதிவாளர்கள் மேல் சுருதிகளைக் கொஞ்சம் தூக்கியே பதிந்தார்கள். அந்தப் பட்டையை இன்றைய ஹோம் தியேட்டரில் அப்படியே விட்டால், ‘ச’, ‘ஷ’ எல்லாம் காதைக் குத்தும். ‘டிஸ்க்கில் சத்தம் கீச்சென்று இருக்கு’ என்ற புகாரில் பலதும் இதுதான். ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிளைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கால மாஸ்டர்கள் எதிர்பார்த்த சத்தம் அதுதான்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. இரைச்சலே இருக்கக்கூடாது என்று வடிகட்டித் தள்ளினால், வசனம் குடத்துக்குள் இருந்து வருவது போல ஆகிவிடும். இரைச்சலை எடுக்கும்போது குரலின் மூச்சும் சேர்ந்து போய்விடுகிறது. கொஞ்சம் ‘உஸ்’ இருக்கிற டிஸ்க்கையே நான் எப்போதும் விரும்புவேன்.

சினிமாஸ்கோப் காலப் படங்கள் சிலவற்றுக்கு ஃபிலிமில் காந்தப் பூச்சில் நான்கு தடக் ஸ்டீரியோ ஒலி இருந்தது. பழைய டிவி மாஸ்டரில் மோனோ மட்டும் ஏற்றியிருந்தால், டிஸ்க்கிலும் மோனோதான் வரும்.

நமக்கென்று இன்னொரு குறை உண்டு. இந்த டிவிடிகளில் பெரும்பாலும் சப்டைட்டில் கிடையாது. 1930-களின் வேகமான நியூயார்க் பேச்சை, கரகரப்புக்கு நடுவில், எழுத்துத் துணையில்லாமல் பிடிப்பது நம்மில் பலருக்குச் சிரமம். வார்னர் ஆர்க்கைவின் ப்ளூ-ரேக்களில் ஆங்கில சப்டைட்டில் உண்டு. பிக்ஸல் கணக்கைவிட இதுவே பெரிய வித்தியாசம் என்று சொல்வேன்.

ஆயுள்

ரைட் பண்ணிய டிஸ்க்கின் மேல் நியாயமாக வைக்கக்கூடிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அது ஆயுள். சாயம் என்பது ஒளியாலும் சூட்டாலும் மாறும் பொருள். அதனால்தானே அதில் எழுதவே முடிகிறது. வெயில் படும் அலமாரி, மே மாதச் சென்னை, மழைக்கால ஈரம், மூன்றும் அதற்கு எதிரி. நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில், நிமிர்த்தி, அதன் பெட்டியிலேயே வையுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம்.

அதற்காக அச்சில் வார்த்தது சாகாவரம் பெற்றது என்றும் நினைக்க வேண்டாம். 2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகள் சிலவற்றில் கோளாறு இருப்பதை வார்னரே 2025-ல் ஒப்புக்கொண்டது. அவை அச்சில் வார்த்த டிஸ்க்குகள். கீறல் எதுவும் இல்லாமலே உள்ளே கெட்டு, படிக்க முடியாமல் போனவை. ஆக, எந்த வகையாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரில் போட்டு முதலிலிருந்து கடைசி வரை படிக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. டிஸ்க் வந்த வாரமே முழுதாக ஓட்டிப் பார்ப்பது அதைவிட நல்லது. கடைசிப் பத்து நிமிடத்தில், அதாவது டிஸ்க்கின் வெளி ஓரத்தில்தான், பதிவுக் கோளாறு அதிகம் வாய் திறக்கும்.

வாங்கும் முன்

சுருக்கமாக என் வழிமுறை:

1. படம் 1953-க்கு முந்தையதா? விகிதம் பற்றிக் கவலை வேண்டாம். பிந்தையது என்றால், அகலத்திரைக்கு ஏற்றபடி பதிந்ததா, வெட்டியதா என்று உறுதி செய்யாமல் பணம் கட்ட வேண்டாம்.
2. ‘ரீமாஸ்டர்’ என்று உறையில் போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் புது ஸ்கேனாக இருக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் பழைய டிவி டேப் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.
3. நீளத்தைப் பாருங்கள். 100 நிமிடத்துக்குள் என்றால் ஒற்றை அடுக்கு போதும். 150-ஐத் தாண்டினால் எத்தனை டிஸ்க், எத்தனை அடுக்கு என்று விசாரியுங்கள்.
4. அமெரிக்க டிவிடி என்டிஎஸ்சி முறை, மண்டலம் 1. இந்தியா மண்டலம் 5. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. உங்கள் பிளேயர் என்ன ஏற்கும் என்பதை முன்பே பாருங்கள்.
5. அதே படம் ப்ளூ-ரேயாக வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். வார்னர் ஆர்க்கைவ் 2012 முதல் ப்ளூ-ரேக்களும் போடுகிறது. அவை அச்சில் வார்த்தவை. பெரும்பாலும் புது ஸ்கேன்.

ஏன் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

ஒரு ஸ்டுடியோவுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. எல்லாப் படத்தையும் ஒழுங்காக மீட்டெடுத்த பிறகுதான் வெளியிடுவேன் என்று காத்திருக்கலாம். அல்லது கையில் இருக்கிற டேப்பை இப்போதே கொடுக்கலாம். மீட்டெடுப்பு ஒவ்வொரு படத்துக்கும் பெரும் செலவு. முதல் வழியில் போனால் புகழ்பெற்ற படங்கள் மட்டும் பளபளவென்று வரும். மற்றவை வரவே வராது. ஒரு இயக்குநரின் பத்துப் படங்களில் இரண்டை மட்டும் பார்த்துவிட்டு அவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். சினிமா வரலாறு என்பது மகுடம் சூடிய படங்களின் பட்டியல் மட்டுமில்லையே. சுமாரான படம், தோற்றுப்போன படம், ஒரு நடிகை இரண்டே காட்சியில் வந்துபோன படம், எல்லாம் சேர்ந்ததுதான். அவற்றைப் பார்க்க இந்த ஊதா டிஸ்க்குகளைத் தவிர வேறு கதி இல்லாமல் இருந்தது.

அதனால் ‘ரைட் பண்ணின டிஸ்க்கா, வேண்டாம்’ என்று ஒரே வரியில் ஒதுக்குவது படங்களுக்குத்தான் நஷ்டம். அதற்காக எது வந்தாலும் சரி என்று வாங்குவதும் சரியில்லை. இரண்டு குறைகளை நான் வேறுபடுத்துகிறேன். பழைய டேப்பில் படம் மங்கலாக இருந்தாலும் முழுப் படமும் இருக்கிறது; அதை வாங்கிப் பார்க்கலாம், புது ஸ்கேன் வரும்வரை அதுவே துணை. ஃப்ரேமை வெட்டிய டிஸ்க்கில் படமே பாதிதான் இருக்கிறது. எடுத்தவர் வைத்த இடத்தில் ஆட்கள் இல்லை. அதற்குக் காசு கொடுத்தால், இதுவும் விற்கும் என்று விற்பவருக்கு நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

இனி யாராவது "பிரிண்ட் எப்படி?" என்று கேட்டால், டிஸ்க்கைத் திருப்பி அது ஊதாவா வெள்ளியா என்று பார்க்காதீர்கள். எந்த ஃபிலிமிலிருந்து, எந்த வருடம் ஸ்கேன் செய்தார்கள், ஃப்ரேம் முழுசாக இருக்கிறதா என்று கேளுங்கள். படமும் சத்தமும் எப்படி இருக்கும் என்பது அந்த மூன்று பதிலில் அநேகமாகத் தெரிந்துவிடும்.